ஜொகூரின் நியமன உறுப்பினர்கள் யாருக்குப் பதில் சொல்கிறார்கள்?

ஜொகூர் பாருவில் ஒரு தாமானில் சாக்கடை அடைத்துக்கொண்டால், குடியிருப்பாளர்கள் முதலில் தேடுவது சட்டமன்ற உறுப்பினரைத்தான். சாக்கடைக்குப் பொறுப்பான மாநகர் மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினரின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. அவரை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லையே! 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, மேயர் அல்லது தலைவருடன் 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசே நியமிக்கிறது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல், மறு ஆண்டே மோதல் ஓய்ந்தும் திரும்பி வரவில்லை. கடைசியாக 1963இல் 21 வயதில் வாக்களித்தவர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்.

நியமன முறைக்கு நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அன்றைய தேர்தல் மன்றங்கள் சிலவற்றின்மீது நிர்வாகச் சீர்கேட்டுப் புகார்கள் எழுந்தது உண்மை. தேர்தலில் நிற்க விரும்பாத பொறியாளரையும் வணிகரையும் மன்றத்துக்குள் கொண்டுவர நியமனம் வழிவிடுகிறது. ஆனால் அந்தப் புகார்களையெல்லாம் ஆராய்ந்த பிறகும், செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணைக் குழு 1968இல் தேர்தலே வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒரு தமிழர் தலைமையில் உருவான அந்த அறிக்கையை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? அரசு அதை ஏற்கவில்லை. 1976 சட்டத்தின் 15ஆம் பிரிவு தேர்தலுக்குக் கதவடைத்தது.

இதன் விலையை ஜொகூர் மக்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறார்கள். பிற மாநிலங்களில் மதிப்பீட்டு வரி, வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஜொகூரில் மட்டும் நிலமும் கட்டடமும் சேர்ந்த மூலதன மதிப்பே அடிப்படை. சிங்கப்பூரின் அருகாமையால் சொத்து விலை ஏறும் ஊரில், மறுமதிப்பீடு என்பது சிறிய சங்கதியன்று. வீட்டுக்காரர் ஆட்சேப மனு கொடுக்கலாம். அதை முதலில் விசாரிப்பதும் வரி விதித்த அதே மன்றம்தான். 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. இனி நிலப் பயன்பாடு, போக்குவரத்து, உரிமம் குறித்து இம்மன்றங்கள் எடுக்கும் முடிவுகளின் எடை கூடும். 2019இல் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட நச்சுக் கழிவால் பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. தேர்தல் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்லமாட்டேன். சுற்றுச்சூழல் அமலாக்கம் பெரிதும் மத்திய அரசின் கையில் இருக்கிறது. ஆனாலும் தொழிற்சாலைகளுக்கு அருகே வாழ்வோரின் வாக்கை நம்பியிருக்கும் மன்றம், அவர்களுக்கு விளக்கம் சொல்லியே ஆகவேண்டியிருந்திருக்கும்.

தமிழர்களிடமிருந்து வரும் தயக்கத்தை நான் மதிக்கிறேன். நாம் எந்த வட்டாரத்திலும் பெரும்பான்மை இல்லை; இப்போது ஆளும் கூட்டணியின் பங்கீட்டில் மலேசிய இந்திய காங்கிரஸ் (மஇகா) வழியாகச் சில இடங்களாவது கிடைக்கின்றன, தேர்தல் வந்தால் அதுவும் போய்விடும் என்கிறார்கள். ஆபத்து உண்மையானது. ஆனால் அந்த இடம் கட்சிக்குச் சொந்தம். ஆலயம் இடம்பெயரும் சிக்கலிலோ அங்காடிக் கடை உரிமத்திலோ மன்றத்தை எதிர்த்துப் பேசும் உறுப்பினர், அடுத்த பட்டியலில் தம் பெயர் இருக்குமா என்று யோசித்தாக வேண்டும். வட்டார இடங்களோடு, வாக்கு விகிதப்படி நிரப்பப்படும் ஒரு பகுதி இடங்களையும் வைத்தால், சிதறி வாழும் சிறுபான்மையின் வாக்குகளும் ஒன்றுசேரும். தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பாதி வார்டுகளை ஒதுக்கியே உள்ளாட்சித் தேர்தல் நடக்கிறது. பிரதிநிதித்துவத்தைத் தேர்தலுக்குள்ளேயே உறுதிசெய்ய முடியும்.

இனப் பிளவு வரும் என்பது இன்னொரு வாதம். 2018 இறுதியில் அப்போதைய பிரதமர் மகாதீரும் அதையே சொன்னார். ஆனால் தேர்தல் நிறுத்தப்பட்ட காலத்து நகரங்கள் இன்று இல்லை. எல்லைகள் விரிந்துவிட்டன, மலாய்க்காரர்கள் பெருமளவில் நகரவாசிகளாகிவிட்டனர். அதே நகரங்களில் சட்டமன்றத் தேர்தல் அமைதியாக நடக்கிறது. 2022 மார்ச்சில் ஜொகூரில் 18 வயதினரும் வாக்களித்தார்கள்.

பினாங்கு மாநிலம் தனியாக ஊராட்சித் தேர்தல் நடத்த முயன்று 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. ஆகவே நாடாளுமன்றம்தான் சட்டத்தைத் திருத்த வேண்டும். ஜொகூரின் தமிழ் அமைப்புகள் அடுத்த நியமனப் பட்டியலில் எத்தனை இடம் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், 15ஆம் பிரிவை நீக்குங்கள் என்றும் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் எழுதிக் கேட்கட்டும்.