விலகிப் போனவரின் சாட்சியம்

போட்டி நிறுவனங்கள் கூடிப் பேசி விலை வைக்கும் கார்டெல் வழக்குகளில் வேலையை விட்டுப் போனவர் புலனாய்வாளருக்குக் கிடைத்தற்கரிய சாட்சி. உள்ளே நடந்தது அவருக்குத் தெரியும். முதலாளிக்குப் பயப்பட வேண்டியதும் இல்லை. ஆனால் பெரும்பாலும் அவரும் அந்தச் சதியில் கூட்டாளி. பழைய நிறுவனத்தின் மேல் வன்மமோ, தண்டனைக்குத் தப்பும் அவசரமோ அவருக்கு இருக்கலாம். அவர் சொல்லை நம்பி ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாமா?

இதை உரசிப் பார்க்கச் சரியான வழக்கு சோத்பீஸ், கிறிஸ்டீஸ் ஏல நிறுவனங்களுடையது. பொருளை விற்பவரிடம் வாங்கும் கமிஷனைப் போட்டி போட்டுக் குறைத்து இரண்டுமே லாபத்தை இழந்துகொண்டிருந்தன. 1995 மார்ச்சில், பேரத்துக்கே இடமில்லாத புதிய கமிஷன் விகிதத்தை கிறிஸ்டீஸ் அறிவித்தது. அடுத்த மாதமே சோத்பீஸும் அதே வழியில் போனது. அதற்குச் சில வாரங்கள் முன்பு நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில், நிறுத்தியிருந்த காருக்குள் இரண்டு தலைமை நிர்வாகிகள் உட்கார்ந்து பேசியிருந்தார்கள்: கிறிஸ்டீஸின் கிறிஸ்டோபர் டேவிட்ஜ், சோத்பீஸின் டயானா புரூக்ஸ்.

1999 டிசம்பரில் டேவிட்ஜ் பெருந்தொகை வாங்கிக்கொண்டு விலகினார். அவர் சேர்த்து வைத்திருந்த காகிதங்கள் அமெரிக்க நீதித்துறைக்குப் போய்ச் சேர்ந்தன. கிறிஸ்டீஸுக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது. புரூக்ஸும் பதவி விலகி, 2000 அக்டோபரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அப்ரூவர் ஆனார். 2001 இறுதியில் மன்ஹாட்டன் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் சோத்பீஸின் முன்னாள் தலைவர் ஆல்ஃபிரட் டாப்மன்.

இரண்டு சாட்சிகளும் ஒரே தரமல்ல. இந்தச் சதியைப் பற்றி டாப்மன் என்ன சொன்னார் என்பது டேவிட்ஜுக்கு நேரடியாகத் தெரியாது. தன் தலைவர் ஆன்டனி டெனன்ட் சொல்லிக் கேட்டதுதான். டெனன்டோ பிரிட்டனை விட்டு வரவில்லை. நேரடியாகச் சொல்லக்கூடியவர் புரூக்ஸ் மட்டும். அவரோ தன் தண்டனை எப்படி முடியுமோ என்று காத்திருந்தவர். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் குறுக்கு விசாரணையில் இந்த இடத்தைத்தான் குறிவைத்தார்கள். அவர்கள் செய்தது நியாயம்.

தராசைச் சாய்த்தவை காகிதங்கள். டாப்மனோடு பேசியதைப் பற்றி டெனன்ட் தன் கைப்பட எழுதிய குறிப்புகள் டேவிட்ஜிடம் இருந்தன. இரு தலைவர்களும் சந்தித்த நாட்கள் நாட்குறிப்புகளில் பதிவாகியிருந்தன. எழுதப்பட்டபோது யாருக்கும் மன்னிப்பு பேரம் பேசும் எண்ணமே இல்லை. அதனாலேயே அவை நம்பத்தக்கவை. டாப்மன் குற்றவாளி என்ற தீர்ப்பு சரியென்றே நான் கொள்கிறேன். தண்டனையில்தான் மனம் ஒப்பவில்லை. டாப்மனுக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறை, 75 லட்சம் டாலர் அபராதம். புரூக்ஸுக்கு ஆறு மாத வீட்டுக்காவலும் 3,50,000 டாலர் அபராதமும். திட்டத்தை வரி வரியாக வகுத்த டேவிட்ஜுக்கோ ஒன்றுமில்லை.

காகிதம் சாட்சிக்கு எதிராகவும் திரும்பும். 2010 மே மாதம் லண்டனில், எரிபொருள் கூடுதல் கட்டணச் சதி வழக்கில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதிகாரிகள் நால்வர் விடுவிக்கப்பட்டார்கள். அரசுத் தரப்பு, போட்டி விமான நிறுவனமான விர்ஜினின் சாட்சிகளையே நம்பியிருந்தது. அதுவரை பார்க்கப்படாத சுமார் 70,000 மின்னஞ்சல்கள் விசாரணை தொடங்கிய பிறகு வெளிவந்தன; வழக்கு சரிந்தது.

மன்னிப்புக் கோரும் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்களுக்கும் பாதுகாப்பு தரவேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை. அது தேவை, இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு ஈடாக அவர் தன்னிடமுள்ள எல்லா ஆவணங்களையும் ஒப்படைக்க வேண்டும்; விலகும்போது வாங்கிய தொகையும் அதன் நிபந்தனைகளும் முதல் நாளே நீதிமன்றத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். டெனன்டின் குறிப்புகளும் நாட்குறிப்புகளும் இல்லாமல் புரூக்ஸின் சொல் மட்டும் நின்றிருந்தால், டாப்மனை விடுதலை செய்வதே முறையாக இருந்திருக்கும்.