டையோடு விளக்கத்தில் சொல்லும் பொருளும்: பாடநூல் நடை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

டையோடின் செயற்பாட்டைத் தமிழில் விளக்குவதற்குப் பயன்படும் பெயர், வரையறை, கலைச்சொல் ஆகிய மூன்றையும் பொருட்பொருத்த நோக்கில் இக்கட்டுரை மதிப்பிடுகின்றது.

திறவுச்சொற்கள்: டையோடு, இருமுனையம், மின்னழுத்த அரண், இயக்கமில்லாப் பகுதி, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

கலைச்சொல்லாக்கம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஒலிபெயர்ப்பா மொழியாக்கமா என்னும் வினாவோடு நின்றுவிடுகின்றன. ஒரு சொல் கற்பவர் மனத்தில் எத்தகைய பொருளை உருவாக்குகின்றது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. இவ்வினாவை ஆராய டையோடு தக்கதொரு சான்றாகும்.

பெயர்

1919ஆம் ஆண்டு வில்லியம் எக்கிள்ஸ், ‘இரண்டு’, ‘வழி’ எனப் பொருள்படும் கிரேக்கக் கூறுகளை இணைத்து இப்பெயரை அமைத்தார். அன்று அது இரு மின்வாய்கள் கொண்ட வெற்றிடக் குழாயைக் குறித்தது. தமிழில் இது இருமுனையம் எனவும், இலங்கை வழக்கில் இருவாயி எனவும் வழங்குகின்றது. மின்தடைக்கும் இரு முனைகள் உண்டு. ஆதலால் இப்பெயர் செயலை உணர்த்தவில்லை என்று குறை கூறலாம். எனினும், ‘ஒருவழி’ என்னும் பொருளில் பெயரிட்டிருந்தால், பின்னோக்குச் சார்பிலேயே பணிபுரியும் செனர் டையோடு அப்பெயரோடு முரண்பட்டிருக்கும். இங்குப் பெயர் செயலைச் சுட்டாமல் விட்டதே நன்மையாயிற்று. குறை பெயரில் இல்லை. அதைத் தொடரும் விளக்கத்தில் உள்ளது.

வரையறை

டையோடு மின்னோட்டத்தை ‘ஒரு திசையில் மட்டும்’ அனுமதிக்கும் என்பது பரவலான வரையறை. ‘மட்டும்’ என்னும் சொல் இரு நிலைகளில் பிழைபடுகின்றது. முன்னோக்குச் சார்பிலும் சிலிக்கன் சந்தியில் ஏறத்தாழ 0.7 வோல்ட், ஜெர்மானியச் சந்தியில் ஏறத்தாழ 0.3 வோல்ட் எட்டும் வரை குறிப்பிடத்தக்க மின்னோட்டம் இல்லை. பின்னோக்குச் சார்பிலோ சிறுபான்மை ஊர்திகளால் மிகச் சிறிய மின்னோட்டம் நிகழ்கின்றது. முறிவு மின்னழுத்தத்தைக் கடந்தால் அது பெருகுகின்றது. அவ்வெல்லையில் மின்னழுத்தம் ஏறத்தாழ மாறாதிருப்பதையே செனர் டையோடு மின்னழுத்தச் சீராக்கத்திற்குப் பயன்படுத்துகின்றது.

நான்கு சிலிக்கன் டையோடுகள் கொண்ட பாலச்சுற்று, மாறுமின்னோட்டத்தின் இரு அரைச்சுற்றுகளையும் ஒரே திசைக்குத் திருப்புகின்றது. ஒவ்வோர் அரைச்சுற்றிலும் மின்னோட்டம் இரண்டு டையோடுகளைக் கடப்பதால் ஏறத்தாழ 1.4 வோல்ட் இழக்கப்படுகின்றது. ‘மட்டும்’ என்னும் வரையறையை மட்டுமே மனனம் செய்த மாணவரால் இவ்விழப்பை விளக்க இயலாது.

அரணும் இயக்கமின்மையும்

பி-என் சந்தி உருவாகும்போது எலக்ட்ரான்களும் துளைகளும் எல்லை கடந்து ஒன்றிணைகின்றன. எல்லையின் இருபுறமும் இடம்பெயராத அயனிகளே எஞ்சுகின்றன. அவற்றால் தோன்றும் தடுப்பை ‘மின்னழுத்த அரண்’ என்கிறோம். இது சிறந்த ஆக்கம். கடப்பதற்கு ஆற்றல் வேண்டும் என்னும் கருத்து, குறளில் தனி அதிகாரம் பெற்ற அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

ஆனால், அதே இடத்திற்கு ‘இயக்கமில்லாப் பகுதி’ என்னும் பெயரும் வழங்குகின்றது. இயங்கும் ஊர்திகள் இல்லை என்பதே கருதப்பட்ட பொருள். எதுவும் நிகழாத இடம் என்பதே கேட்பவர் கொள்ளும் பொருள். உண்மையில் மின்புலம் மிக வலுவாக இருப்பது அங்கேதான். ஒரு மைக்ரோமீட்டர் அகலத்தில் 0.7 வோல்ட் வேறுபாடு இருப்பின் சராசரி மின்புலம் மீட்டருக்கு 7 இலட்சம் வோல்ட் ஆகும். சூரிய மின்கலத்தில் ஒளி உருவாக்கும் எலக்ட்ரான்-துளை இணைகளைப் பிரிப்பதும் இப்புலமே. டையோடின் பயன்கள் பலவற்றிற்கு மூலமான இடத்தை இயக்கமற்றது எனப் பெயரிட்டு, அதன் இயக்கத்தைக் கற்பிக்க முயல்கின்றோம்.

முடிவுரை

‘ஊர்தி நீங்கிய பகுதி’ என்னும் சொல் இக்குழப்பத்தைத் தவிர்க்கும். வரையறையை, ‘முன்னோக்குச் சார்பில் எளிதாகவும், முறிவு எல்லை வரை பின்னோக்குச் சார்பில் மிகச் சிறிதாகவும் மின்னோட்டத்தைக் கடத்தும் கருவி’ எனத் திருத்தலாம். தொடர் நீள்கின்றது, ஆயினும் பின்னர்த் திருத்திக்கொள்ள வேண்டிய பிழையை அது மாணவருக்குக் கற்பிப்பதில்லை. தமிழ்வழி அறிவியல் கல்வியின் தரம் கலைச்சொற்களின் எண்ணிக்கையால் அன்று, அவை தாங்கும் பொருளின் துல்லியத்தால் அளக்கப்படுதல் வேண்டும்.