டின்னுக்குள் மோஹித்தோ

அக்கா மகன் சிங்கப்பூரிலிருந்து திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி பெரம்பலூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, பெட்டியில் வழக்கமான கோடாலித் தைலம், சாக்லேட், டார்ச் லைட் போக ஆறு டின்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 330 மில்லி.

'ஆறு இன்ட்டு முந்நூத்தி முப்பது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது மாமா. கஸ்டம்ஸ்ல ரெண்டு லிட்டர் வரைக்கும் விடுவாங்க. கணக்குப் போட்டு வாங்கினேன்' என்றான். படிக்க வைத்தது வீண் போகவில்லை.

டின்னுக்குள் இருந்தது காக்டெயில். பாருக்குப் போக வேண்டாம், கலக்க வேண்டாம், எலுமிச்சம்பழம் நறுக்க வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து டின்னைத் திறந்தால் போதும். இரண்டு மோஹித்தோ, இரண்டு ஜின் டானிக், இரண்டு அன்னாசி ரம். 'நீங்கதான் எல்லாத்தைப் பத்தியும் எழுதுறீங்களே, இதையும் குடிச்சுப் பாத்து எழுதுங்க' என்றான். 'இந்த வயசில் இது தேவையா?' என்று இன்லண்ட் லெட்டரைத் தேடும் வாசகர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

அன்று இரவு மொட்டை மாடியில் முதல் சோதனை. மோஹித்தோ என்பது கியூபாக்காரர்களின் சமாச்சாரம். வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, சோடா, கசக்கிய புதினா. டின்னில் வந்த மோஹித்தோவில் புதினா இருந்தது, பல் தேய்க்கும் பேஸ்ட்டில் இருக்கிற மாதிரி. எலுமிச்சை இருந்தது, பாத்திரம் தேய்க்கும் சோப்பில் இருக்கிற மாதிரி. இதில் கம்பெனியைச் சொல்லிக் குற்றமில்லை. பிழிந்த எலுமிச்சைச் சாறு சில மணி நேரத்திலேயே குணம் மாற ஆரம்பிக்கும். நம் வீட்டில் காலையில் பிழிந்ததை ராத்திரி குடித்துப் பார்த்தாலே தெரியும். கசக்கிய புதினா இன்னும் மோசம், கறுத்துவிடும். மாதக்கணக்கில் அலமாரியில் நிற்க வேண்டிய டின்னில் ரெண்டையும் போட முடியாது. சிட்ரிக் ஆசிட்டும் எசென்ஸும்தான் கதி. அந்தக் குறையை மறைக்க சர்க்கரையை அள்ளிப் போடுகிறார்கள்.

ஜின் டானிக் தேவலை. டானிக்கின் கசப்பு குவினைன். அது கெடாது, ஜின்னும் கெடாது, குமிழியை டின் காப்பாற்றும். கெட்டுப் போகிற வஸ்து உள்ளே இல்லாத காக்டெயிலைத்தான் அடைத்து விற்க முடியும் என்று அன்றைக்குப் புரிந்தது. இதை 1892-லேயே ஒருத்தர் கண்டுபிடித்துவிட்டார். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹ்யூப்ளின் கம்பெனி. ஒரு பிக்னிக்குக்காக ஜாடி ஜாடியாகக் கலந்து வைத்தார்களாம், மழை வந்து பிக்னிக் ரத்து. கொஞ்ச நாள் கழித்துக் கொட்டப் போன வேலைக்காரர் ருசி பார்த்தாராம், நன்றாகவே இருந்ததாம். கதை எவ்வளவு நிஜமோ, அவர்கள் புட்டியில் அடைத்து விற்றது நிஜம். விற்றது மார்ட்டினி, மன்ஹாட்டன் வகையறா. எலுமிச்சைச் சாறு இல்லாத சரக்குகள். புத்திசாலிகள்.

மறுநாள் இரண்டு டின்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து அரியலூர் போனேன், ஒரு மோஹித்தோ, ஒரு ஜின் டானிக். சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ரிட்டையரான நண்பர் இருக்கிறார். ரசனைக்காரர். அவர் மோஹித்தோவை ஒரு வாய் குடித்துவிட்டு, டின்னைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

'அஞ்சு பர்சென்ட்டு. இதுக்கா ஃப்ளைட்ல ஏத்திக் கொண்டாந்தான்?'

கணக்குப் போட்டோம். 330 மில்லியில் 5 சதவிகிதம் என்றால் 16.5 மில்லி ஆல்கஹால். டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவிகிதம். ஆக 77 மில்லி. ஒரு குவார்ட்டருக்குச் சமமாக நாலேமுக்கால் டின்னுக்குச் சற்றுக் குறைவாகக் குடிக்க வேண்டும். 2003 நவம்பரில் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்கு வந்ததிலிருந்து இந்த ஜில்லாக்களின் காக்டெயில் ஒன்றே ஒன்றுதான்: பிராந்தி, தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கப், ஒரு துண்டு மாங்காய். நின்றுகொண்டே பத்து நிமிஷத்தில் முடிகிற விஷயம். அதற்கு ருசி விமரிசனம் எழுதினால் கிண்டலாகிவிடும்.

'அஞ்சு பர்சென்ட்ல நம்ம ஊர்லயே ஒண்ணு இருந்துச்சே சார், கலக்காம கொள்ளாம, ரெடிமேடா' என்றார் நண்பர். கள்ளைச் சொல்கிறார். சரிதான். கள்ளின் வேகம் ஏறக்குறைய அதேதான். மரத்திலேயே தயாராகும் பானம். தமிழ்நாட்டில் 1987-லிருந்து தடை. அதே அளவு போதையைப் பளபள டின்னில் அடைத்து வெளிநாட்டு முத்திரை குத்தினால், சுங்க அதிகாரி சிரித்துக்கொண்டே விடுகிறார். கள்ளை அடைப்பது கஷ்டம், புளித்துக்கொண்டே போகும் என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளைப் புட்டியில் அடைத்து விற்கத்தான் செய்கிறார்கள்.

இந்த இடத்தில் அரியலூருக்கு ஒரு பெருமை. பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் பனஞ்சாறு புளிக்காமல் பதநீர். தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை, நடுவில் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் கொட்டிக் கிடப்பதால்தான் இங்கே இத்தனை சிமென்ட் ஆலைகள். ஏழு, எட்டு, பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடப்பதை வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நண்பரிடம் ஒரு கல் நத்தை இருக்கிறது, பேப்பர் வெயிட்டாக. மோஹித்தோ டின்னை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, உள்ளே போய் எலுமிச்சம்பழம், உப்பு, கோலி சோடாவோடு வந்தார். போதை சைபர். நான் அந்த வாரம் குடித்ததிலேயே நல்ல காக்டெயில் அதுதான்.

இத்தோடு முடித்திருந்தால் இது சிரித்துவிட்டுப் போகிற கட்டுரை. சாயங்காலம் பெரம்பலூர் திரும்பினேன். வீட்டில் சத்தம்.

மிச்சம் இரண்டு அன்னாசி டின்களை மருமகன் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தான், மோர் பாத்திரத்துக்குப் பக்கத்தில். அக்காவின் பேத்திக்கு ஒன்பது வயசு. ஸ்கூல் விட்டு வந்தவள் ஒன்றை எடுத்துத் திறந்துவிட்டாள். டின்னில் அன்னாசிப்பழப் படம், மஞ்சள் கலர், ஒரு தென்னை மரம். அவள் மேல் என்ன தப்பு? வாய் வைப்பதற்குள் அக்கா பார்த்துப் பிடுங்கிவிட்டாள். டாஸ்மாக் பாட்டிலிலாவது கேடு என்று தமிழில் எச்சரிக்கை உண்டு. இதில் பொடி எழுத்தில் இங்கிலீஷ். 90 மில்லியை டெட்ரா பேக்கில் தரலாமா என்று 2023-ல் அமைச்சர் முத்துசாமி பேசியபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஜூஸ் பாக்கெட் மாதிரி இருக்குமே என்பது ஒரு பயம். 'இதற்குப் போய் இவ்வளவு சத்தமா?' என்று அப்போது நினைத்தவன் நான்.

அந்த வீட்டில் பதினெட்டு வருஷமாகப் பாட்டில் நுழைந்ததில்லை. அத்தான் போனதற்கு மஞ்சள் காமாலை என்று வெளியே சொன்னோம். பெரம்பலூரில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று திட்டம் வந்தபோது, 'அப்பவே இருந்திருந்தா இந்நேரம் பணக்காரி ஆயிருப்பேன்' என்று அக்கா ஜோக்கடித்தாள். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அக்கா திறந்த டின்னை மூக்குக்கிட்டே கொண்டுபோனாள். அப்புறம் உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு, தீர்த்தம் மாதிரி நாக்கில் வைத்தாள். அறுபத்தி நாலு வயசில் முதல் தடவை.

'இனிப்பாத்தான்டா இருக்கு.'

யாரும் பேசவில்லை.

'உங்க அத்தான் குடிச்சது தெருமுனையிலயே நாறும் தம்பி. வர்றாருன்னு தெரிஞ்சு பிள்ளைங்கள உள்ள அனுப்பிடுவேன். இது நாறவே இல்லியே. எப்படிக் கண்டுபிடிக்கிறது?'

நான் இரண்டு நாளாகத் தேடிய விமரிசனம் அதுதான். டின்னின் சாமர்த்தியமெல்லாம் சாராயத்தை சாராயம் மாதிரி தெரியாமல் செய்வதில்தான் இருக்கிறது. ருசி சரியில்லை என்று நான் குறை சொன்ன அந்தச் சர்க்கரைக்கு வேலையே அதுதான். நன்றாகக் கலந்த காக்டெயிலில் ரம் இருப்பது ரம்மாகத் தெரியும். தெரிய வேண்டும். மொட்டை மாடியில் இது எனக்குத் தோன்றவே இல்லை. புதினாவையும் எலுமிச்சையையும் ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

திறந்த டின்னை அக்கா வாழை மரத்தடியில் கொட்டினாள். மற்றதை பீரோ லாக்கரில், நகைக்கும் பத்திரத்துக்கும் பக்கத்தில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். 'அதையும் கொட்டிரும்மா' என்றான் மருமகன்.

'இருக்கட்டும். காசு குடுத்து வாங்கினது. நீ ஊருக்குப் போறப்போ எடுத்துட்டுப் போ.'

பொங்கலுக்கு வரும்போது என்ன வாங்கி வரட்டும் என்று கிளம்புகிற அன்று கேட்டான். தைலம் மட்டும் போதும் என்றாள். டின்னை அவனும் கேட்கவில்லை, அவளும் எடுத்துத் தரவில்லை.