பாரைப் பிரட்டலும் அதன் முன்னோரும்

திருகோணமலை வீடுகளில் மீனையும் மரக்கறியையும் ஒரே தாச்சியில் பிரட்டி இறக்கும் கறிக்கு முன்னோர் இருவர்: சுறா வறை, சாப்பாட்டுக்கடை மீன் டெவில். இவற்றை எடைபோடாமல் அதை மதிப்பிட முடியாது.

வறையில் சுறாவை அவித்து, தோலுரித்து, உதிர்த்து, பிழிந்து, தேங்காய்ப்பூவோடு கிளறுகிறார்கள். அதன் இசைவில் குறை காண்பது கடினம். கொடுத்த விலை மீனின் உருவம். சுறாவுக்கு அது இழப்பல்ல, விளைமீனுக்கு இழப்பே. டெவிலுக்குப் பெயர் ஆங்கிலேயரிடமிருந்து வந்தது, கைப்பாகம் சீனக் கடைகளிலிருந்து. அது துண்டைக் காப்பாற்றுகிறது; ஆனால் மாவிலும் தக்காளி சோஸிலும் மூழ்கியபின் உள்ளே இருப்பது பாரையா கோழியா என்று நாக்குக்குத் தெரியாது.

வீட்டுப் பிரட்டல் இரண்டு குறைகளையும் தவிர்க்க முனைகிறது. நோக்கம் சரி; பெரும்பாலும் சறுக்குவது வரிசையில். மீன் தசை 50 பாகை செல்சியஸ் அளவிலேயே இறுகத் தொடங்கும், 70ஐத் தாண்டினால் நீரை விட்டுச் சக்கையாகும். கரட்டும் போஞ்சியும் இளகவோ 85 பாகையாவது வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொட்டுபவர் ஏதோ ஒன்றைப் பலிகொடுத்தே ஆகவேண்டும். தாச்சி நிரம்பிவிட்டால் சூடு இறங்கி, நீர் ஊறி, பிரட்டல் அவிச்சலாகிவிடும். வாடைக்காற்றில் வெளிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் ஐஸில் கிடந்த மீனை வாங்குவோர் இதை நன்கறிவர்.

ஆகவே, ஈரம் ஒற்றிய பாரைத் துண்டுகளில் உப்பும் மஞ்சளும் மிளகும் தடவி, ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் சிவக்கவைத்து எடுத்துவிட வேண்டும். பிறகு உள்ளி, கறிவேப்பிலை, பயற்றங்காய், கறிமிளகாய், கடைசியாக வெங்காயம். (நுவரெலியாவிலிருந்து லொறியேறி வரும் லீக்ஸ் இல்லாமலும் இது முழுமையானதே.) அடுப்பை அணைத்தபின் மீன், இறக்கியபின் தேசிக்காய்ப்புளி.

இம்முறைக்கும் குறையுண்டு. மீனும் மரக்கறியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, வறையைப்போல் ஒன்றுவதில்லை. சோறு குழைக்க ஈரமும் போதாது. பருப்புக்கறி துணைக்கு வேண்டும். ஆனாலும் பாரை பாரையாகவே ருசிக்கிறது. அந்த ஒன்றுக்காகவே இதை டெவிலுக்கு மேலே வைப்பேன்.

சூரைக்கு இம்முறை ஒத்துவராது: சீக்கிரம் வறண்டுவிடும். வெயிலில் கிடந்த சூரையில் உண்டாகும் ஹிஸ்டமின் எந்த அடுப்புச் சூட்டிலும் அழியாது என்பதையும் மறக்கக்கூடாது. ஐஸில் வைத்த சூரை கிடைத்தால் குழம்பு வையுங்கள்.