நெத்தி லைட்டுக்கு எந்த செல்?

பவானியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மும்முனை மின்சாரம் வரும் நேரம்தான் தண்ணீர் கட்டும் நேரம். நடுச்சாமத்தில் வந்தால் நடுச்சாமத்தில் எழுந்து போக வேண்டும். மஞ்சள் பாத்தியிலும் கரும்புத் தோகைக்குள்ளும் பூச்சிபொட்டு கிடக்கிறதா என்று பார்த்துக் கால் வைக்க நெத்தி லைட்டை விட்டால் வேறு வெளிச்சம் கிடையாது. அந்தியூர்ப் பக்கம் மக்காச்சோளக் காட்டில் பன்றிக் காவல் இருப்பவர்களுக்கும் அதுதான் துணை. லைட் வாங்கும்போது நாம் வெளிச்சத்தை அடித்துப் பார்க்கிறோம், பட்டையை இழுத்துப் பார்க்கிறோம். உள்ளே இருக்கும் செல்லை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. பாதி வாய்க்காலில் லைட் மங்குவதும், சார்ஜ் போட்ட இடத்தில் புகை வருவதும் அந்தச் செல்லால்தான்.

முன்பெல்லாம் இந்த லைட்டுகளில் 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி இருக்கும். தலை கனக்கும், சில வாரம் சார்ஜ் போடாமல் விட்டால் செத்துவிடும். இப்போது பெரும்பாலும் 18650 என்னும் லித்தியம் அயன் செல். 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம் என்பதுதான் அந்த எண். பழைய லேப்டாப், பவர் பேங்க், மின் ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் இந்த உருளையைப் பார்க்கலாம். முழுக்க ஏறினால் 4.2 வோல்ட், 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விட்டால் செல் கெடும்.

கடையில் கேட்டால் முதலில் கைக்கு வருவது, பளபளக்கும் உறையில் கொள்ளளவு 9800 எம்ஏஎச் என்று அச்சடித்த செல். "இதப் போட்டுப் பாருங்ணா, விடிய விடிய எரியுமுங்க" என்று நல்லெண்ணத்தோடுதான் எடுத்துத் தருகிறார்கள். அவர்களிடமும் யாரோ அப்படிச் சொல்லித்தான் இறக்கியிருப்பார்கள். ஆனால் இந்த அளவுச் செல்லில் பெரிய ஆலைகள் தருவதே 3500 எம்ஏஎச்சைச் சுற்றித்தான். வெகு சில மட்டும் 4000 வரை போகின்றன. 9800 என்பது நடக்காத காரியம். இதைக் கண்டுபிடிக்கச் சமையலறைத் தராசு போதும். நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். நான் வாங்கிவந்த 9800 முப்பது கிராமைக்கூடத் தொடவில்லை. சிறிய செல் ஒன்றைப் பெரிய கூட்டுக்குள் வைத்து மூடியிருந்தால் எடை இப்படிக் குறையும்.

எடையோடு விடாமல் அளந்தும் பார்த்தேன். லீட்டோகாலா லி-500 என்ற சார்ஜரில் நான்கு குழி. 300, 500, 700, 1000 மில்லி ஆம்பியர் என ஏற்றும் வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதன் சோதனை முறையில் விட்டால் செல்லை முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, வெளிவந்த சக்தியைத் திரையில் காட்டிவிட்டு மறுபடி ஏற்றி வைக்கும். நேரம் பிடிக்கிற வேலை, காத்திருக்கத்தான் வேண்டும். 9800 செல் ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் போட்ட சாம்சங் 35இ என்ற செல், உறையில் போட்டிருந்த அளவை ஒட்டியே காட்டியது. இத்தகைய சார்ஜர்கள் செல்லின் உள்தடையையும் காட்டும். அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்; குழிக்குள் செல்லைச் சற்று நகர்த்தினாலே மாறிவிடுகிறது. இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து இப்படி ஒரு சார்ஜர் வாங்கி வைத்துக்கொண்டால் போலி செல்லுக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

அடுத்தது ஆம்பியர், அதாவது செல் எவ்வளவு வேகமாக மின்சாரத்தைக் கொட்டும் என்ற கணக்கு. இங்கேதான் பலர் வேறு வகையில் ஏமாறுகிறார்கள். இணையத்தில் தேடினால் "20 ஆம்பியர்", "30 ஆம்பியர்" என்று கொட்டை எழுத்தில் செல்கள் வரும். அந்தப் பேச்சில் பெரும்பகுதி வேப் எனப்படும் மின் சிகரெட்டைப் பிடிப்பவர்களிடமிருந்து வந்தது. தமிழ்நாடு 2018-லேயே அதைத் தடை செய்தது. 2019-ல் நாடு முழுக்கச் சட்டம் வந்து விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாம் குற்றமாயிற்று. வெளிநாடுகளில் அந்தக் கருவி சட்டைப்பையிலும் வாயருகிலும் வெடித்திருக்கிறது. 2018-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஓர் உயிரே போனது. அதன் கம்பிச்சுருள் 0.2 ஓம் என்றால் 4.2 வோல்ட் செல்லிலிருந்து 21 ஆம்பியர் உறிஞ்சும். 8 ஆம்பியர் தாங்கும் செல்லை அதில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் நெத்தி லைட்டின் கணக்கே வேறு. 10 வாட் எல்இடி என்றாலும் 3 ஆம்பியரை ஒட்டி முடிந்துவிடும். சாம்சங் 35இ 8 ஆம்பியர் தாங்கும். கொள்ளளவு 3500-ஐ ஒட்டி. அதே சாம்சங்கின் 25ஆர் 20 ஆம்பியர் தாங்கும். ஆனால் கொள்ளளவு 2500தான். வேகமாகக் கொட்டும் செல்லில் இருப்புக் குறைவு. லைட்டுக்கு 25ஆர் போட்டால் ஆபத்தொன்றும் இல்லை, எரியும் நேரம்தான் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகும். கையில் பிடிக்கும் டிரில் மெஷினுக்கு அது பொருத்தம், வாய்க்காலுக்கு 35இ போன்றது பொருத்தம்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். இந்த நிறுவனச் செல்கள் பேட்டரிப் பெட்டிக்குள் பாதுகாப்புச் சர்க்யூட்டோடு கோத்துப் பயன்படுத்தவே செய்யப்பட்டவை. உதிரியாக வாங்கிப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் எச்சரித்தது. அதனால் நான் சொல்வது, அடியில் சிறு சர்க்யூட் பொருத்திய 'புரொடெக்டட்' செல். ஷார்ட் ஆனாலோ, அளவுக்கு மீறி ஏறினாலோ இறங்கினாலோ அது தானே துண்டித்துவிடும். சர்க்யூட்டால் நீளம் 68, 70 மி.மீ. வரை போகும் என்பதால் லைட்டைக் கையோடு கொண்டுபோய், மூடி சிரமமில்லாமல் மூடுகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். திணித்து மூடினால் ஸ்பிரிங் செல்லை நசுக்கும்.

செல்லின் தலைப்பக்கத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் பாசிட்டிவ் வட்டம். அதைச் சுற்றி வெள்ளைக் காகித வளையம். அதை அடுத்து விளிம்பிலிருந்து அடிவரை உள்ள உலோகக் கூடு மொத்தமும் நெகட்டிவ். இரண்டுக்கும் நடுவே காகிதத்தின் தடிமன் அளவுதான் இடைவெளி. மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை விளிம்பில் கிழிந்திருந்தால் அந்தச் செல்லை லைட்டுக்குள் போடவே கூடாது. தலையில் புள்ளி புள்ளியாக வெல்டிங் தழும்பு இருந்தால், பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிய்த்துப் புது உறை மாட்டியது என்று அர்த்தம். உதிரிச் செல்லை மோட்டார் ரூம் சாவியோடும் சில்லறையோடும் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது நம் ஊரில் சாதாரணம். சாவி ஒன்று குறுக்கே விழுந்தால் தொடை வெந்துவிடும். சிறு பிளாஸ்டிக் டப்பா இல்லாமல் உதிரிச் செல்லைக் கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்று, சோலார் விளக்குகளிலிருந்து எடுத்த செல். அவற்றில் பல லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, 3.2 வோல்ட், முழுக்க ஏறினால் 3.65. பார்க்க அதே உருளையாக இருக்கும். நெத்தி லைட்டில் போட்டால் சார்ஜர் அதை 4.2 வரை ஏற்றப் பார்க்கும். உறையில் 3.2 என்றிருந்தால் ஒதுக்கி வையுங்கள்.

வாங்கும்போது உறையிலோ பெட்டியிலோ இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். லித்தியம் செல்லுக்கு ஐஎஸ் 16046 தரநிலை, பதிவு கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யாருடைய பதிவு என்று காட்டும். கடைக்காரர் முன்னாலேயே தட்டிப் பார்க்கலாம், சங்கடப்பட ஒன்றுமில்லை.

சார்ஜ் போடுவதைச் சிமெண்டுத் தரையில், கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். ஓலைக் கொட்டாயிலும், தீவனப்போர் பக்கத்திலும், கட்டில் மெத்தையிலும் இரவெல்லாம் விட வேண்டாம். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்து சுட்ட செல்லை ஆறவிட்டே சார்ஜில் போட வேண்டும். இரண்டு செல் போடும் டார்ச்சில் ஒன்று புதிது, ஒன்று பழசு என்று கலந்தால் பழசு முதலில் காலியாகி, புதிதின் மின்சாரம் அதைத் தலைகீழாகத் தள்ளும். சோடியாகவே வாங்கி சோடியாகவே மாற்றுங்கள்.

செத்த செல்லின் இரு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். குப்பை வண்டியிலோ எரிகிற குப்பைமேட்டிலோ போட்டால் வெடிக்கும். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்திருக்கின்றன. புது செல் வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால் கடையில் ஒரு டப்பா வைப்பார்கள்.