அரைப் பேரும் முழுப் பேரும்: மலையக இளைஞரின் ஹிப் ஹொப் ரசனை குறித்துச் சில சிந்தனைகள்

வெகுசனக் கலைவடிவம் ஒன்றினை மதிப்பிடப் புகுவோர் படைப்பினையும் படைப்பாளியையும் நோக்குமளவிற்கு அதனைக் கேட்டு மகிழ்வோரை நோக்குவதில்லை. ரசிகன் என்றதும், சந்தை தருவதை வாங்கி, அது சொல்லும்போது கைதட்டுபவன் என்ற படிமமே நம் மனத்தில் எழுகின்றது. முற்போக்கு விமர்சனமும் இப்பழக்கத்திலிருந்து முற்றாக விடுபட்டதெனக் கூறுவதற்கில்லை. இவ்வெண்ணத்தை மீளாய்வு செய்யுமாறு எம்மைத் தூண்டியது, 2024ஆம் ஆண்டிற் கினிகத்தேனையில் நாம் கேட்க நேர்ந்த ஓர் உரையாடலாகும்.

அவிசாவளையிலிருந்து அட்டனை நோக்கி ஏறும் பாதையில், நாவலப்பிட்டிக்கு வழி பிரியும் சிறு பட்டினம் கினிகத்தேனை. மழைக்கு ஒதுங்கிய தேநீர்க் கடையொன்றில் மூன்று நண்பர்கள் கதைத்துக்கொண்டிருந்தனர். ஒருவர் கொழும்பிற் புடைவைக் கடையொன்றிற் பணிபுரிந்து விடுமுறையில் வந்தவர். ஒருவர் தோட்டப் பாடசாலை ஆசிரியர். இளையவர் பல்கலைக்கழக அனுமதியை எதிர்பார்த்திருந்தவர். பேச்சின் பொருள், தமிழக ஹிப் ஹொப் பாடகர் அறிவு வெளியிடவிருந்த புதிய அல்பம்.

“வருமா வராதான்னு அஞ்சு வருசம் போயிருச்சு மச்சான்” என்றார் கடை ஊழியர். ‘தெருக்குரல்’ 2019இல் வெளியானது. இடையில் வந்த திரைப்பாடல்களே அவருக்குப் போதுமானவையாய் இருந்தன. ‘மாஸ்டர்’ படத்தில் வரும் ‘வாத்தி ரெய்டு’ அவருக்கு மிகவும் பிடித்தது: “நாள் பூரா கடையில நின்ன கால்வலி அதக் கேட்டாத்தான் போகும்.” ஆசிரியர் இதனை ஏற்கவில்லை. “அதுல அவன் பேசுறது ஹீரோவுக்காக. ‘தெருக்குரல்’ல அவன் பேசுறது அவனுக்காக” என்றார். அதுவரை மௌனமாயிருந்த இளையவர் ஒன்று சொன்னார்: “வரப்போற அல்பத்தோட பேரப் பாத்தீங்களா அண்ணே? ‘வள்ளியம்மா பேராண்டி’. எங்க அப்பாயி பேரும் வள்ளியம்மாதான். செக்ரோலத் தவிர வேற எங்கயும் அந்தப் பேரு எழுதியிருந்து நான் பாத்ததில்ல.”

ஒரு கலைவடிவத்தின் உயிர்நிலையை இக்கூற்றுத் தொட்டுவிட்டதாக நாம் கருதுகின்றோம். அதனை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1

ஹிப் ஹொப் இசையின் தொடக்கத்தை 1973 ஓகஸ்ட் 11ஆம் நாள் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், யமேக்காவிற் பிறந்த டி.ஜே. கூல் ஹேர்க் இசைத்தட்டுகளை இயக்கிய விருந்தொன்றுடன் தொடர்புபடுத்திக் கூறுவர். நகரத்தினாற் கைவிடப்பட்ட கறுப்பின, கரீபிய, லத்தீன் அமெரிக்க இளைஞரிடையே அது வளர்ந்தது. பாடுபவர் தம் பெயரையும், தாம் வாழும் தெருவையும், தம்மோடு நிற்போரையும் பாட்டிலேயே அறிவித்தல் அதன் தலையாய மரபு. மேலோட்டமாக நோக்குவோருக்கு இது தற்பெருமையாகத் தோன்றும். ஆயின், எந்த ஏட்டிலும் தக்கவாறு பெயர் பதியப்படாத மக்கள் தம் பெயரைத் தாமே பதிந்துகொள்ளும் முயற்சி அதுவென்பது மனங்கொள்ளத்தக்கது.

மலையகத் தோட்ட வழக்கில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஒரு நாள் வேலைக்கான பதிவே பேர். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து கொய்தவருக்கு முழுப்பேர் விழும்; குறைந்தவருக்கு அரைப்பேர். மனிதரின் பெயரானது அவர் விற்ற உழைப்பின் அளவாகச் சுருங்கிவிட்ட வரலாறு இவ்வொரு சொல்லினுள் அடங்கியுள்ளது. லயத்துக் காம்பிராக்களில் வாழ்ந்தோர் பலருக்குத் தனி முகவரி இருக்கவில்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்தின் தயவிலேயே கைக்கு வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. பெயரும் ஊரும் சொல்லிப் பாடுதலை அடிப்படையாகக் கொண்ட ஒரு கலை, பெயரும் ஊரும் மறுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைக் கவர்வதில் வியப்பில்லை. இதனை வெறும் மேனாட்டு மோகமெனத் தள்ளுதல் பொருந்தாது.

2

தமிழ் ஹிப் ஹொப்பின் வரலாற்றிலும் தோட்டத்தின் நிழல் படிந்துள்ளது. அவ்வடிவத்தைத் தமிழிற் பரவலாக அறிமுகஞ் செய்தவற்றுள் ஒன்றான, யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ (2006) மலேசியாவிலிருந்து வந்தது. இறப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள் பெருமளவில் வாழும் நாடு அது. ஆங்கிலத்திற் பாடும் ஈழத்து வம்சாவளியினரான மாயா அருட்பிரகாசம் தம் முதல் அல்பத்திற்குத் தந்தையின் பெயரால் ‘அருளர்’ (2005) என்றும், அடுத்ததற்குத் தாயின் பெயரால் ‘கலா’ (2007) என்றும் பெயரிட்டார். இவ்வரிசையில் மூன்றாவதாக ஒரு பாட்டியின் பெயர் சேர்ந்தது. உறுதிப்பத்திரமோ நிலமோ விட்டுச்செல்ல இயலாத முன்னோருக்கு, அல்பத்தின் தலைப்பே பட்டயமாகின்றது.

1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டுப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர்த் தீர்மானிக்கப்படும் என விடப்பட்டது. அவர்களை இரு நாடுகளும் சமபாதியாகப் பிரித்துக்கொள்வதென 1974இல் முடிவாயிற்று. மனிதரை எண்ணிக்கையாக்கிய இப்பங்கீட்டினாற் குடும்பங்கள் இரண்டாயின. பலர் இலங்கையிலேயே பிறந்தவராயிருந்தும் ‘தாயகம் திரும்பியோர்’ எனப்பட்டனர். இலங்கைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகத்திற் கூலி வேலை செய்து வாழ்ந்த வள்ளியம்மாளின் பேரனே அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு. இந்தியாவில் 2019இற் கொண்டுவரப்பட்ட குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழ் அகதிகளைத் தன் வரம்பினுள் சேர்க்கவில்லை. அச்சட்டத்திற்கு எதிராக ‘சண்ட செய்வோம்’ எனப் பாடியோருள் அவரும் ஒருவர் என்பது தற்செயலன்று. குடியுரிமையை ஒரு தாளாக மட்டுமன்றிக் குடும்பக் கதையாகவும் அறிந்தவரின் குரல் அது.

பேரன் என்ற சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். இங்கு பேரன் தாங்குவது பாட்டியின் பெயரை.

3

2021 மார்ச்சில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’ இப்பின்னணியில் வைத்து நோக்கற்பாலது. சந்தோஷ் நாராயணனின் இசைத்தயாரிப்பில், தீயும் அறிவும் பாடிய அப்பாடல் உலகெங்கும் ஆடப்பட்டது. அதன் உள்ளீடோ ஒப்பாரி. விலங்குகளையும் பயிர்களையும் முன்னோரையும் விளித்துச் செல்லும் பாட்டு, செழித்த தோட்டத்தில் அதை வளர்த்தவரின் தாகம் தீராமையில் வந்து நிற்கின்றது. சாவு வீட்டில் மாரடித்துப் பாடும் பெண்களின் சொல்லடுக்கு முறையே அங்கு ஹிப் ஹொப்பின் சந்தமாகியுள்ளது. இரண்டும் மூச்சை அளந்து சொல்லை அடுக்குவன என்பதால், ஒட்டு வெளியே தெரியவில்லை.

இப்பாடலிற் கினிகத்தேனை நண்பர்கள் கேட்ட ஒன்றை வேறிடத்து ரசிகர் பலர் கேட்டிருக்கமாட்டார். தமிழகத்திலோ ரொறன்ரோவிலோ ‘தோட்டம்’ என்றாற் செடியும் பூவும் நினைவிற்கு வரும். மலையகத்திலே தோட்டம் என்பது துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் லயமும் சேர்ந்த ஓர் ஆட்சி. ஒரே சொல் ஒருவருக்கு இயற்கை வருணனை, மற்றவருக்கு வரலாறு. அப்பாட்டு வந்த அதே மாதத்திலேதான், பல ஆண்டுப் போராட்டத்தின் பின், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கும் வர்த்தமானி வெளியாயிற்று. இவற்றை ஒருங்கே வைத்துக் கேட்கும் காதே விமர்சகனின் காது. அது முதலில் ரசிகரிடத்துத்தான் இருந்தது.

பாடலின் பிற்கால வரலாறும் பெயர் பற்றியதே. 2021 ஓகஸ்டில் இந்திய இசைச் சஞ்சிகையொன்றின் அட்டையில் அப்பாடலும் குறிப்பிடப்பட்டபோது அறிவின் படம் இல்லாதது கண்டனத்திற்குள்ளாயிற்று. 2022 ஜூலையிற் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அவரின்றியே பாடல் அரங்கேறியது. தம் பங்கினை வலியுறுத்தி அவர் அறிக்கை விடுத்தார். இசையமைப்பாளரும் தம் தரப்பினை எடுத்துரைத்தார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் எனத் தீர்ப்பளித்தல் எம் பணியன்று. ஆனால் ஆசிரியர் இதுபற்றிச் சொன்னது மறக்கத்தக்கதன்று: “பாட்டிக்கும் அரைப்பேரு. பேரனுக்கும் அரைப்பேரு.”

4

இவ்விடத்து ஒரு தடை எழலாம். புதிய அல்பத்திற்கான காத்திருப்பு என்பதே விற்பனையாளர் உண்டாக்கும் செயற்கைப் பசியன்றோ? முன்னோட்டங்கள், நாள் குறித்தல், நாள் தள்ளுதல் ஆகியன யாவும் வியாபார உத்திகளே. இத்தடை பெரிதும் உண்மை. அறிவின் குரலே பெருநடிகரின் படத்தில் நாயக வழிபாட்டிற்குப் பயன்படுவதையும் கண்டோம். நாள் முழுதும் நின்று வேலை செய்த கால்வலிக்கு அப்பாடல் மருந்தாவதைப் பழித்தல் எமது நோக்கமன்று. எனினும் வலிக்குக் காரணத்தை அது கேட்பதில்லை.

ஆயினும் கடன் வாங்கிய வடிவமும் சந்தையின் மெட்டும் தம்மளவிலே பகையல்ல. 1930களில் அட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, மக்கள் வாயில் வழங்கிய பிரபல மெட்டுகளிலே தொழிலாளரின் துயரைப் பாடல்களாக்கிப் பரப்பினார். மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது யார் வாயில் எதற்காக நின்றது என்பதே கேள்வி. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ (1935) இத்தோட்டங்களின் துயரை வெளியே நின்று இரக்கத்தோடு நோக்கிய படைப்பு. அதற்கும் வள்ளியம்மாளின் பேரனின் பாட்டுக்கும் இடையில் நேர்ந்துள்ள மாற்றம், எழுதப்பட்டவர் தாமே பேசுவோராக மாறிய மாற்றம். அதனைச் சந்தை ஒன்றே உண்டாக்கியிருக்க இயலாது.

காத்திருத்தல் மலையகத்திற்குப் புதிதன்று. 1948இற் பறிபோன குடியுரிமையின் எச்சச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருந்தவர்கள் அவர்கள். காணிக்கும் வீட்டிற்குமான காத்திருப்பு இன்னும் முடியவில்லை. இதனாலே அல்பத்திற்குக் காத்திருப்பதும் போராட்டமே என்று சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்வது இரண்டையும் கொச்சைப்படுத்தும். கேட்டவற்றை நிறுத்துப் பார்த்து, இன்னது இவரிடம் எதிர்பார்க்கலாம், இன்னது கூடாது எனத் தர்க்கிக்கும் காத்திருப்பு ரசனையைப் பயிற்றுகின்றது என்பதே எமது கருத்து.

5

2024இலேயே ‘வள்ளியம்மா பேராண்டி’ வெளிவந்தது, காத்திருப்பும் முடிந்தது. ஆனால் அந்த மழைநாளில் நண்பர் பேச்சு முடிந்த இடம் இன்னும் முடிவு காணவில்லை. கடை ஊழியரே அதனை எழுப்பினார்: “போனவங்க பேரன் பாடிட்டான். இருந்தவங்க பேரன் நாம என்ன செஞ்சோம்?”

இக்கேள்வி விமர்சனத்தையும் நோக்கியது. 1964இன் கோடு பிரித்த இரு பாதிகளில் ஒரு பாதியின் குரல், அரை நூற்றாண்டின் பின் கைத்தொலைபேசி வழியே மறுபாதியை வந்தடைந்துள்ளது. மறுமொழி போகவேண்டும். அதற்குரிய வளம் இங்கு குறைவன்று. விடியலிற் பிரட்டுக்கு அழைத்த தப்பு, காமன்கூத்தின் அடவு, தாலாட்டு, ஒப்பாரி என்பன இம்மண்ணில் உள்ளன. மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் தொடங்கிய பணி ஏட்டோடு நின்றுவிடலாகாது.

மேலும் ஒன்று. அத்தேநீர்க் கடையிற் பேசிய மூவரும் ஆடவர். அவர்கள் பேசிய பாட்டின் ஊற்றோ பெண்களின் ஒப்பாரி. அவ்வேளையில் மேலே மலையில், மழையிலும், பேருக்காகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோர் பெண்கள். பாட்டியின் பெயர் தலைப்பாவது பெருமைதான். பாட்டியின் பாட்டு அவர் குரலிலேயே, அவர் பெயரோடு பதிவாகும்போதுதான் பேர் முழுமையாகும். மலையகம் 200 என 2023இல் வரலாற்றை நினைவுகூர்ந்தோம். அந்நினைவு விழாவோடு கலையக்கூடாதெனின், பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் அடுத்த பணி இதுவாதல் வேண்டும்.

பஸ் வந்தது. இளையவர் எழுமுன் தம் அப்பாயி முணுமுணுக்கும் பாட்டொன்றைத் தொலைபேசியிற் பிடித்து வைத்திருப்பதாகவும், அதற்குத் தாளம் சேர்க்க எண்ணியிருப்பதாகவும் கூச்சத்துடன் கூறினார். நாமும் ஓர் அல்பத்திற்காகக் காத்திருக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.