வீம்பு கரைந்தால் கல்யாணம்: தமிழ்க் கிராமத்துக் காதல் நகைச்சுவைப் படங்கள்

தமிழ் சினிமாவின் கிராமத்துக் காதலைப் பற்றி எழுத உட்காரும் விமர்சகர்கள் பெரும்பாலும் ரத்தத்தில்தான் தொடங்குகிறார்கள். பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) கேமராவை ஸ்டுடியோ செட்டிலிருந்து வயல்வெளிக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து ‘காதல்’ (2004), ‘பருத்திவீரன்’ (2007), ‘பரியேறும் பெருமாள்’ (2018) என்று ஒரு வரிசை போட்டால் காதலும் வன்முறையும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதே இல்லை. அந்த வரிசை முக்கியமானதுதான். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே, காதலர்கள் உயிரோடு மணமேடை ஏறுகிற இன்னொரு வரிசையும் ஓடிக்கொண்டிருக்கிறது. தியேட்டரில் கூட்டம் கூட்டிய, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட அந்தப் படங்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டோம்.

அவற்றிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சாதி மாறிக் காதலித்தால் வெட்டு விழும் ஊரில், சிரித்துக்கொண்டே கல்யாணத்தில் போய் முடிவதற்குக் கதை என்ன செய்ய வேண்டியிருக்கிறது? பெரும்பாலான படங்கள் ஒரே காரியத்தைச் செய்கின்றன. சாதி நிற்க வேண்டிய இடத்தில் வீம்பை நிறுத்துகின்றன. அப்பனின் வீம்பு, அண்ணனின் வீம்பு, இரண்டு ஊர்களின் வீம்பு. வீம்பைச் சிரிப்பால் கரைத்துவிடலாம். சாதியை அப்படிக் கரைக்க முடியாது என்று கதை எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

மாமன் மகள் என்னும் காப்பு

பி. மாதவன் இயக்கிய ‘பட்டிக்காடா பட்டணமா’ (1972) படத்தில் சோழவந்தான் மூக்கையாவாக சிவாஜியும், வெளிநாட்டில் படித்துத் திரும்பிய கல்பனாவாக ஜெயலலிதாவும் மோதுகிறார்கள். குடுமியும் மீசையும் ஒரு பக்கம், நாகரிக உடை ஒரு பக்கம். சண்டை முழுவதும் பட்டிக்காட்டுக்கும் பட்டணத்துக்கும் நடப்பதுபோலத்தான் தோன்றும். ஆனால் கல்பனா வேறு யாருமல்ல, மூக்கையாவின் மாமன் மகள். முறைப்பெண்ணாகிவிட்டால் யாரும் யாரையும் வெட்ட வேண்டியதில்லை. அவளை அடக்கி வழிக்குக் கொண்டுவருவது ஒன்றுதான் பாக்கி. படத்தின் சிரிப்பில் பெரும்பகுதி அந்த அடக்குதலிலிருந்து வருகிறது. இன்றைக்குப் பார்க்கிறவருக்கு உறுத்துவதும் அதுவே.

கங்கை அமரனின் ‘கரகாட்டக்காரன்’ (1989) இதே காப்பைக் கடைசி நேரத்தில் எடுத்துக் கட்டுகிறது. கலைஞனும் கலைஞியும் போட்டியில் சந்தித்து, ரோஷப்பட்டு, காதலிக்கிற கதை. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) நாதஸ்வரத்தையும் சதிரையும் வைத்துச் செய்ததை இது கரகத்தை வைத்துச் செய்தது. கோயில் மண்டபத்திலிருந்து மாரியம்மன் திருவிழாவுக்கு இறங்கி வந்தது. முத்தையாவுக்கும் (ராமராஜன்) காமாட்சிக்கும் நடுவே பெண்ணின் அப்பாவுடைய பிடிவாதம் நிற்கிறது. பிறகுதான் தெரிகிறது, முத்தையாவின் அம்மா அந்த அப்பாவின் பிரிந்துபோன தங்கை என்று. முன்பின் தெரியாதவனைக் காதலித்தவள், கதை முடிவதற்குள் அத்தை மகனைக் காதலித்தவளாகிவிடுகிறாள். மதுரையில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய படம் இது. இளையராஜாவின் இசைக்கும் கவுண்டமணி, செந்திலுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. யாரையும் பதற வைக்காத இந்த உறவுமுறைக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

பெண் பார்க்கப் போன இடத்தில்

எண்பதுகளில் இந்த வகையை வளர்த்தவர் கே. பாக்யராஜ். கோபிசெட்டிபாளையம் பக்கத்து வெள்ளாங்கோயில்காரர். அவர் செய்த பெரிய மாற்றம், கதாநாயகனையே கேலிக்கு உரியவனாக்கியது. சோடாபுட்டிக் கண்ணாடியும் கூச்சமும் இழுவைப் பேச்சுமாக அவர் வந்து நின்றபோது, வீரத்தைக் காட்டிப் பெண்ணை மயக்கும் பழைய வழி அடைபட்டுப்போனது. ‘தூறல் நின்னு போச்சு’ (1982) பெண் பார்க்கும் படலத்தில் தொடங்குகிறது. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிடுகிறது. சீர் வரிசைப் பேச்சில் பெரியவர்கள் முறைத்துக்கொள்கிறார்கள். சம்பந்தம் முறிந்த பிறகுதான் உண்மையான காதல் தொடங்குகிறது. காலமெல்லாம் வில்லனாகவே இருந்த எம்.என். நம்பியார் இதில் நாயகனுக்குச் சண்டை கற்றுத்தரும் வாத்தியார். அந்த நடிகர் தேர்வே ஒரு நகைச்சுவை.

அடுத்த ஆண்டு ஏவி.எம். தயாரிப்பில் ‘முந்தானை முடிச்சு’ (1983) வந்தது. மனைவியை இழந்து கைக்குழந்தையோடு ஊருக்கு வரும் வாத்தியார்மேல் பரிமளம் ஆசைப்படுகிறாள். பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஊரைக் கலக்குகிற அவள், அந்த வாத்தியார் தன்னைக் கெடுத்துவிட்டதாகப் பஞ்சாயத்தில் பொய் சொல்லி, கைக்குழந்தையைத் தாண்டிச் சத்தியமும் செய்துவிடுகிறாள். ஊர் அவளை நம்பிக் கல்யாணம் செய்துவைக்கிறது. பெண்களைக் கட்டுப்படுத்துவதற்கென்றே இருக்கும் பஞ்சாயத்து என்ற அமைப்பை ஒரு பெண் தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்ளும் இந்தக் காட்சி, இந்த வகைப் படங்களின் துணிச்சலான தருணங்களில் ஒன்று. மறுபாதியில் அந்தப் பொய்க்கு அவள் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. நல்ல சித்தியாக இருப்பாள் என்று நிரூபிக்கத் தாய்மையையே துறக்கத் தயாராகிறாள். பரிமளமாக ஊர்வசி முதல் பாதியில் காட்டிய கட்டற்ற சிரிப்பு பிறகு வந்த நாயகிகளுக்கு அபூர்வமாகவே வாய்த்தது.

பாக்யராஜின் பள்ளியிலிருந்து வந்த ஆர். பாண்டியராஜன் ‘ஆண்பாவம்’ (1985) எடுத்தார். பெண் பார்க்கப் போனவன் வீடு மாறிப் போய் வேறொரு பெண்ணைப் பார்த்து மனதைக் கொடுத்துவிடுகிறான். ஒரு சின்ன முகவரிக் குழப்பம். அதிலிருந்தே முழுப் படமும் முளைக்கிறது. வி.கே. ராமசாமியின் அப்பா, கொல்லங்குடி கருப்பாயியின் பாட்டி, ஓட்டல்கார ஜனகராஜ் என்று ஊரே சேர்ந்து சிரிக்க வைக்கும். அதே சமயம், பார்க்க வருவார்கள் என்று காத்திருந்து வேண்டாம் எனப்பட்ட பெண்ணின் அவமானத்தையும் படம் விட்டுவிடவில்லை. பெண் பார்க்கும் சடங்குக்குள் இருக்கும் கொடுமையைச் சிரிப்பின் நடுவிலேயே காட்டிய படம் இது.

தனியாக ஓடிய தண்டவாளம்

பாக்யராஜ், பாண்டியராஜன் படங்களில் நகைச்சுவை கதைக்குள் இருந்தது. எண்பதுகளின் மற்றொரு ஓட்டத்தில் அது ‘டிராக்’காகத் தனியே பிரிந்தது. ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) துயரமான கதை. அதன் பக்கத்திலேயே ஆல் இன் ஆல் அழகுராஜாவாக கவுண்டமணி நடத்தும் கடை. ஏ. வீரப்பன் எழுதிய இத்தகைய பகுதிகள் மையக் கதையைத் தொடாமலே நடக்கும். ராமராஜன் காலத்து நாயகன் பாடுவான், உழைப்பான், தாயை மதிப்பான். அவனைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. சிரிப்பை ஏற்க வேறு இருவர் இருந்தார்கள். கவுண்டமணியின் வாய் ஊர்ப் பெரியமனிதர்களையும் விடவில்லை. ஆனாலும் அந்தக் கேலி டிராக்கோடு நின்றுவிட்டது. மையக் கதையில் நாட்டாமையின் மரியாதை அப்படியே இருந்தது.

வெட்டியாகத் திரியும் நாயகன்

2010இல் ஏ. சற்குணத்தின் ‘களவாணி’ இரண்டு தண்டவாளத்தையும் மறுபடி ஒன்றாக்கியது. அப்பா வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் பணத்தை அம்மாவிடம் ஏமாற்றிப் பிடுங்கித் தின்னும் அறிக்கி, தமிழ் சினிமாவுக்குப் புதியவன். ஆவணி பிறந்தால் மகன் உருப்பட்டுவிடுவான் என்று ஜோசியத்தை நம்பிக் காத்திருக்கும் அம்மாவாக சரண்யா பொன்வண்ணன். தஞ்சைப் பக்கத்து நெல்வயலும் பேச்சும் படத்தில் இயல்பாக இருந்தன. கதையின் தடை, அரசனூருக்கும் ராணிமங்கலத்துக்கும் உள்ள ஊர்ப்பகை. வீம்பு தனி மனிதரிடமிருந்து ஊருக்கு மாறியது. வேலை மட்டும் அதேதான்.

இங்கே நாயகி பள்ளிச் சீருடையில் வருகிறாள். வழிமறித்து அவளைச் சம்மதம் சொல்ல வைப்பது குறும்பாகக் காட்டப்படுகிறது. ‘முந்தானை முடிச்சு’ பரிமளம் ஊரைச் சிரிக்க வைத்தவள். முப்பது வருடத்துக்குள் நாயகி, நாயகனின் சேட்டையைப் பார்த்து முதலில் மிரண்டு பிறகு வெட்கப்படுகிறவளாகச் சுருங்கிவிட்டாள். இந்த வகைப் படங்களின் பெரிய சரிவு இதுதான்.

பொன்ராமின் ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ (2013) சிலுக்குவார்பட்டியில் நடக்கிறது. மகளைக் கொன்றுவிட்டதாகச் சொல்லப்படும் அப்பா சிவனாண்டியைப் பற்றி விசாரணை தொடங்க, கதை பின்னோக்கி விரிகிறது. முடிவில் தெரிகிறது, மகளையும் காதலனையும் அனுப்பிவைத்ததே அவர்தான். கௌரவம் குலையாதிருக்கக் கொலைகாரன் என்ற பெயரையும் தாங்கிக்கொண்டார். தருமபுரியில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை ஒட்டி நத்தம் காலனி எரிக்கப்பட்டது 2012 நவம்பரில். படம் வந்தது 2013 செப்டம்பரில். கௌரவக் கொலை என்ற சொல் செய்தித்தாளில் ஈரம் காயாமல் இருந்தபோது, கொலை வதந்தி, கௌரவம் மட்டும் உண்மை என்று சொன்ன படத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். காதலன் பெயர் போஸ் பாண்டி, காதலி பெயர் லதா பாண்டி. அந்தப் பெயர்ப் பொருத்தம் இல்லாமலிருந்தால் சிவனாண்டிக்கு அவ்வளவு பெருந்தன்மை வந்திருக்குமா என்று படம் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வீரம் பேசும் அப்பன்கள் ஊருக்காகவே பேசுகிறார்கள் என்பதை, சிவனாண்டியாக சத்யராஜை வைத்து இவ்வளவு வெளிப்படையாக நையாண்டி செய்த படம் அதற்குமுன் குறைவு.

வீம்பையும் சாதியையும் பிரித்துக் காட்டியவை

மாற்றம் ஓரங்களிலிருந்து வந்தது. பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ (2012), சென்னையை ஒட்டிய கிராமத்துத் தலித் இளைஞனைக் காதல் நகைச்சுவையின் நாயகனாக்கியது. காதல் தோற்றும் துக்கப்படத் தெரியாமல் துக்கத்தை நடித்துப் பார்க்கும் தினகரன், பலியாகவோ போராளியாகவோ மட்டுமே அதுவரை காட்டப்பட்டவர்களுக்கு அசட்டுத்தனமாகக் காதலிக்கும் உரிமையைப் பெற்றுத்தந்தான். ‘பண்ணையாரும் பத்மினியும்’ (2014) வயதான தம்பதியின் அன்பை ஒரு பழைய காரை வைத்துச் சொன்னது. ‘கட்டா குஸ்தி’ (2022) அதிகம் படிக்காத, நீளக் கூந்தல்காரியான மனைவி வேண்டும் என்பவனுக்கு, சவுரிமுடி வைத்த மல்யுத்த வீராங்கனையைக் கட்டிவைத்தது. ‘பட்டிக்காடா பட்டணமா’வில் அடங்கியவள் இங்கே அடித்து ஜெயிக்கிறாள்.

இந்த வரிசையில் தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’ (2024) படத்துக்குத் தனி இடம். மட்டையடியில் பேர்போன கெத்துக்கும் இளைஞன் அன்புக்கும் மைதானத்தில் மூளும் ரோஷம் அசல் வீம்பு. அன்பு காதலிக்கும் பெண் கெத்துவின் மகள் என்பதால் பழைய இயந்திரம் அப்படியே ஓடத் தயாராகிறது. ஆனால் எந்த அணியில் யாருக்கு இடம் என்பதைச் சாதி தீர்மானிப்பதையும் படம் அதே மைதானத்தில் காட்டுகிறது. இரண்டு ஆண்களின் வீம்பைச் சிரித்துக் கரைக்கலாம். அணித் தேர்வில் இருக்கும் அநியாயத்தை அப்படிக் கரைக்க முடியாது, அதை எதிர்த்துத்தான் ஆக வேண்டும். இரண்டுக்கும் இரண்டு வைத்தியம் என்று இந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது.

ஐம்பது ஆண்டுகளாக ஒன்றின் பெயரால் மற்றொன்றை மறைத்துவந்த வகை இது. அந்த மறைப்பு இல்லாமலும் கிராமத்தில் சிரிக்கலாம், காதலிக்கலாம், கூட்டமும் வரும் என்று ஒரு படம் காட்டிவிட்டது. இனி முறைப்பெண்ணையும் ஊர்ப்பகையையும் வைத்துக் கதை கட்டுகிறவர்கள், வேறு வழியில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.